இன்டெல்லில் பாஸ்... ஆர்மில் ஃபெயில்! கெர்னல் டெஸ்ட்டில் யார் மேல் தப்பு?

ஆண்ட்ராய்டு மொபைல் எதை எடுத்தாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். எந்த ஆப்புக்கு எவ்வளவு மெமரி, யார் யாருடைய இடத்தைத் தொடக் கூடாது என்று பங்கு பிரித்துக் காவல் காப்பது அதன் வேலை. அதை அது ஒழுங்காகச் செய்கிறதா என்று சோதிக்க, கெர்னலோடு சேர்த்தே ஏராளமான டெஸ்ட் புரோகிராம்களும் வருகின்றன. இன்டெல் லேப்டாப்பில் பாஸாகும் டெஸ்ட், ஆர்ம் சர்வரில் ஃபெயில் ஆகும்போதுதான் தலைவலி ஆரம்பம்.

கெர்னல் கெட்டுப்போய்விட்டதா? பல நேரங்களில் இல்லை. டெஸ்ட்தான் தப்பு!

கெர்னல் மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும். இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் ஒரு பக்கம் 4 கேபி. 64-பிட் ஆர்மில் 4, 16, 64 கேபி என எது வேண்டுமானாலும் இருக்கலாம். டெஸ்ட் எழுதியவர் இன்டெல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கெர்னலிடம் அளவைக் கேட்காமல், ‘4096’ என்று நேரடியாக எழுதிவிட்டால் வேறு மெஷினில் உதைக்கும்.

சின்னப் பக்கங்களைச் சேர்த்து ‘ஹியூஜ் பேஜ்’ தருவதிலும் இதே கதைதான். 4 கேபி மெஷினில் அது வழக்கமாக 2 எம்பி. 64 கேபி ஆர்மில் 512 எம்பி! நாலு ஹியூஜ் பேஜ் கேட்கும் டெஸ்ட், இங்கே 8 எம்பியில் முடியும். அங்கே 2 ஜிபி விழுங்கும். மெமரி போதாமல் ஃபெயில் ஆனால் அது கெர்னலின் குற்றமா என்ன?

இப்படிப் பொய் அலாரம் அடிக்கடி அடித்தால், ‘அந்த மெஷினில் இது எப்பவும் இப்படித்தான்’ என்று தாண்டிப் போகத் தோன்றும். ஆபத்து அங்கேதான். வேறு பிராசஸரின் குணம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ‘டர்ட்டி கவ்’ சாட்சி.

ஒரே பக்கத்தைப் பல புரோகிராம்கள் படிக்கலாம். யாராவது அதில் எழுத வந்தால், கெர்னல் தனியாக ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும். ஒரிஜினலில் கை வைக்க முடியாது. ஆனால், ஜெராக்ஸ் எடுக்கும் அந்த நொடியில் ஒரு சந்து இருந்தது. அதில் நுழைந்தால், படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபைலிலும் எழுதி, மெஷினையே கைப்பற்றலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-லேயே இதை அடைக்கப் பார்த்தார். ‘இந்தப் பக்கத்தில் எழுதப்பட்டதா’ என்ற குறிப்பைப் பார்த்து முடிவெடுப்பது அவர் வழி. ஐபிஎம்மின் எஸ்390 மெயின்ஃப்ரேமோ அந்தக் குறிப்பை அப்போது வேறு இடத்தில் வைத்திருந்தது. அங்கே சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. எஸ்390 சிக்கல் பின்னாளில் தீர்ந்தது. இந்தச் சந்து மட்டும் அப்படியே நின்றது. 2016 அக்டோபரில் அடைக்கும் முன்பே அதைப் பயன்படுத்தித் தாக்குதல் நடந்திருந்தது. ஆண்ட்ராய்டு மொபைல்களும் தப்பவில்லை. இன்று இந்த ஜெராக்ஸ் விதியைச் சோதிக்கவே கெர்னலில் தனி டெஸ்ட் இருக்கிறது.

இதே பக்க அளவுப் பிரச்னை இப்போது மொபைலுக்கும் வந்திருக்கிறது. 4 கேபியிலேயே ஓடிய ஆண்ட்ராய்டு, 15-ஆம் பதிப்பிலிருந்து 16 கேபிக்கும் தயார். ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்குப் பிந்தையவற்றையும் குறிவைக்கும் ஆப்கள் இதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று கூகுள் ப்ளே வைத்த தேதி, 2025 நவம்பர் 1. ஜாவா, கோட்லினில் மட்டும் எழுதிய ஆப்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. சி, சி++ கலந்த கேம்களும் வீடியோ ஆப்களும்தான் திரும்ப பில்டு செய்யப்பட வேண்டும்.

பிக்ஸல் 8 மாதிரியான மொபைல்களில் 16 கேபிக்கு மாறிப் பார்க்க டெவலப்பர் ஆப்ஷனே உண்டு. ஆனால், மாற்றினால் போட்டோ உட்பட மொபைலில் இருக்கும் எல்லாமே அழிந்துவிடும். தினமும் பயன்படுத்தும் மொபைலில் விளையாட வேண்டாம்.