வாய் திறக்கும் முன் பேச வேண்டியவை



நம் வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், பல் மருத்துவம் பயில்வது இன்று புதுமையான செய்தி அல்ல. அத்தா வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணமும், சில வீடுகளில் ஒரு மா நிலம் விற்ற பணமும் அந்தப் படிப்பில் அடங்கியிருக்கின்றன. பிறகு வங்கிக் கடன், கடைத்தெருவில் ஓர் அறை, விலையுயர்ந்த நாற்காலி. இத்தனைக்கும் பிறகு இரண்டாம் ஆண்டிலேயே, "இந்தத் தொழிலே வேண்டாம்" என்று சலித்துக்கொள்ளும் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கைத்திறன் போதாமல் அல்ல. நோயாளியிடம் முன்பே பேச வேண்டியதைப் பேசாமல் விட்டதே பெரும்பாலும் காரணம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இதை அவரிடம் கொடுங்கள். இல்லையென்றால், நோயாளி என்ற முறையில் நீங்களே படியுங்கள்.

தஞ்சையிலேயே இதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மஹால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தினார். சித்தர் மரபு வைத்தியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் யூனானி ஹகீம்களும் ஐரோப்பிய முறை கற்றவர்களும் அங்கே ஒருங்கே பணியாற்றினர். கண் நோயாளிகளுக்கு நடந்த சிகிச்சையின் பதிவுகள், பாதிக்கப்பட்ட கண்ணின் வரைபடங்களோடு சரசுவதி மஹால் நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. இன்னாருக்கு இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று கணினியை மேசைமேல் வைத்திருக்கும் எத்தனை கிளினிக்குகளில் நோயாளியின் பெயரும் கைப்பேசி எண்ணும் தவிர வேறெதுவும் பதிவாகிறது?

பல்லுக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்து 1013 அளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவப் பெருநூலை எழுதினார். பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் கருவிகளின் படங்களை அதிலே வரைந்து காட்டியிருக்கிறார். பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள், வலிக்கும் பல் எதுவென்று முதலில் உறுதி செய்யுங்கள் என்பது அவருடைய எச்சரிக்கை. நோயாளி தவறான பல்லைக் காட்டுவார். விவரமறியாத நாவிதர் அந்த நல்ல பல்லையே பிடுங்கிவிடுவார். வலியோ அப்படியே இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இது உண்மையே. பல்லின் உள்நரம்பு வீங்கும்போது வலி எங்கே பிறக்கிறது என்பது நோயாளிக்கே தெளிவாகத் தெரியாது. கீழ்ப் பல்லின் கோளாறு மேல் தாடையிலும் காதிலும் தெறிக்கும். ஆகவே முதல் பத்து நிமிடங்களைக் கேட்பதற்கும் தட்டிப் பார்ப்பதற்கும் எக்ஸ்ரே எடுப்பதற்கும் ஒதுக்குவது வீண் செலவாகாது.

அதே பத்து நிமிடங்களில் வேறு சிலவும் கேட்கப்பட வேண்டும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, கர்ப்பம், முன்பு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமை. கிராமத்துப் பெரியவர்கள் இவற்றைத் தாமாகச் சொல்வதில்லை. "பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், ஈறும் கெடும் என்று அப்போதே விளக்க வேண்டும்.

காவிரிப் படுகையில் வெற்றிலை இல்லாத விருந்து ஏது? பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்பவை அபாய அறிகுறிகள். அவற்றை முதலில் காணும் வாய்ப்பு பல் மருத்துவருக்கே உண்டு. ஆனால் நாற்காலியில் கிடத்தி வைத்துத் திட்டினால் அந்த நன்னி மறுமுறை வரமாட்டார். கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்திருப்பதைக் காட்டுங்கள், அது போதும்.

இனி, மனக்கசப்பின் ஊற்றுக்கண்ணான பணம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்த ஒழுங்கைக் கிளினிக்கிலும் பேணலாமே! வேர் சிகிச்சைக்கு எத்தனை தடவை வர வேண்டும், உறை போடுவது சேர்த்தியா தனியா, மொத்தம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதல் தடவையிலேயே வலி நின்றுவிடும். நோயாளி பிறகு வரமாட்டார். ஆறு மாதம் கழித்துச் சீழ் கட்டிய முகத்தோடு வந்து, "நீங்கள் செய்தது சரியில்லை" என்பார். வலி நிற்பதும் நோய் தீர்வதும் வெவ்வேறு என்று முதல் நாளே சொல்லியிருந்தால் இந்தச் சண்டை இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டதும் தருகிறேன் என்னும் விவசாயிக்குத் தவணை தரலாம், அதையும் எழுதிவிடுங்கள்.

உறவினர் விஷயத்தில் என் கருத்து சற்றுக் கடுமையானது. இலவசம் என்றால் முழு மனத்தோடு இலவசம்; அது ஸதகா. அல்லது எல்லாருக்கும் உள்ள கட்டணம். பாதி வாங்கிக்கொண்டு மீதியை நெஞ்சில் வைத்திருப்பது இருவருக்கும் நஞ்சு.

முப்பது நாள் விடுப்பில் வரும் நம் சபுராளிகள், மூன்றே வாரத்தில் வாய் முழுவதையும் சீராக்கித் தரச் சொல்வார்கள். தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர் எலும்போடு ஒன்றுவதற்குப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். முடியாததை முடியாது என்பதே நேர்மை. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பெண் நோயாளிகளுக்கு ஒரு திரையும் ஒரு பெண் உதவியாளரும் இருந்தால், வலியை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் தயங்காமல் வருவார்கள்.

ரமளான் மாதத்தில் நேரத்தை மாற்றி அமையுங்கள். பல்லைப் பிடுங்குவதால் மட்டும் நோன்பு முறியாது, இரத்தமோ மருந்தோ தொண்டைக்குள் இறங்கினால் முறியும் என்பதே ஆலிம்கள் பலரின் கருத்து. ஆகவே தள்ளிப்போடக் கூடியவற்றைப் பெருநாளுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்காகத் தராவீஹுக்குப் பின் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கலாம். முகம் வீங்கிக் காய்ச்சலோடு, விழுங்க முடியாமல் வருபவரை மட்டும் இரவுவரை காக்க வைக்கக் கூடாது. அவருக்கு அப்போதே சிகிச்சை தேவை. விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்துகொள்ள மார்க்கத்தில் இடமிருக்கிறது.