சொட்டும் நீரை அலட்சியம் செய்யாதீர்



அருள்புரத்தில் பனியன் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் சென்ற கோடையில் குடும்பத்துடன் காரில் உதகைக்குப் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுகையில் வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்புறம் ஆவி கிளம்பிற்று. வண்டி நிற்குமிடத்தில் இரு வாரங்களாகவே நீர் சொட்டியதாம். "ஏ.சி. தண்ணீர்தானுங்களே சாமி என்று விட்டுவிட்டேன்" என்றார் அவர்.

பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்று, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துத் திரும்புகிறது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' கார்களில் பெரும்பாலானவை பம்பின்றியே ஓடின; சூடான நீர் மேலெழும் இயல்பே அவற்றுக்குப் போதுமாயிற்று. இன்றைய விசைமிக்க எஞ்சின்களுக்கு அது போதாது.

காரின் நீர்ப்பம்பு நம் தோட்டத்து மோட்டார் பம்பின் தம்பியே. பெல்ட் அச்சைச் சுழற்ற, அதன் முனையிலுள்ள இறக்கைச் சக்கரம் நீரை விளிம்பை நோக்கி வீசித் தள்ளுகிறது. அச்சைச் சுற்றியுள்ள 'சீல்' தேய்ந்தால், கசியும் நீர் பேரிங்கைக் கெடுக்காது வெளியேற, பம்பின் உடலில் சிறு துளை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் வழியே தொடர்ந்து நீர் சொட்டினால் பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது பொருள்.

ஏ.சி. நீருக்கு நிறமோ மணமோ இல்லை. கூலண்ட் கலந்த நீரோ பச்சை, சிவப்பு போன்ற நிறத்துடன் வழுவழுப்பாக இருக்கும். எஞ்சின் ஓடுகையில் பெல்ட் பக்கம் கீச்சொலி எழுந்தாலும், எஞ்சினை நிறுத்திய பின் பம்பின் கப்பி கைக்கு ஆடினாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சில கார்களில் டைமிங் பெல்ட்டே பம்பைச் சுழற்றுகிறது. அவற்றில் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுதல் சிக்கனம். இரு வேலைக்கும் கழற்றும் கூலி ஒன்றே. பம்பு இறுகி அந்த பெல்ட் அறுந்தால் எஞ்சினே பாழாகக்கூடும்.

உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம். அது உட்புறத்தில் படிந்து நீரோட்டத்தைத் தடுக்கும். வண்டிக்குரிய கூலண்டையே ஊற்றுங்கள்.

அன்று அன்பரின் மகன் ரேடியேட்டர் மூடியைத் திறக்க விரைந்தான். அவன் கையைப் பற்றி நிறுத்தினோம். மூடிக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காதிருக்கும். திறந்த கணமே கொதித்து முகத்தில் பீறிடும். முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறும்வரை பொறுத்திருங்கள். அதே சூட்டில் மேலும் ஓட்டினால் எஞ்சின் தலைப்பகுதி வளைந்து, பம்பின் விலையைப் போலப் பன்மடங்கு செலவாகும்.

அந்தச் சிறுவனின் முகம் தப்பியது, எஞ்சின் தப்பவில்லை. ஆகவே அன்பர்களே, நாளைக் காலை காரை எடுத்தவுடன், அது நின்றிருந்த தரையை ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.