பறக்காத கிளிக்கு மரபணு ஜாதகம்!

நியூசிலாந்து நாட்டில் ஒரு பறவை இருக்கிறது. அதற்கு இறக்கை உண்டு. ஆனால் பறக்காது! பகலில் தூங்கும். இரவில் இரை தேடும். அதன் பெயர் காகாபோ.

பெயரைக் கேட்டு, காக்கை என்று எண்ணிவிடக் கூடாது. இது கிளி. உலகத்திலேயே எடை மிகுந்த கிளி. நன்றாகக் கொழுத்த ஆண் கிளி 4 கிலோ வரை இருக்கும். மவோரி மக்களின் மொழியில் "காகாபோ" என்றால் "இரவுக் கிளி" என்று பொருள்.

ஒரு காலத்தில் இந்தக் கிளி நாடு முழுவதும் இருந்தது. பிறகு மனிதன் வந்தான். அவனோடு எலி வந்தது, நாய் வந்தது, பூனை வந்தது, கீரியைப் போன்ற ஸ்டோட் என்ற பிராணியும் வந்தது. பறக்கத் தெரியாத கிளி என்ன செய்யும்? 1995-ம் ஆண்டில் மிஞ்சியவை 51 தான்!

இவற்றைப் பகைப் பிராணிகள் இல்லாத சிறு தீவுகளில் விட்டு, கண்ணும் கருத்துமாக வளர்த்தார்கள். எண்ணிக்கை மெல்ல உயர்ந்தது. ஆனாலும் ஒரு பயம். இருப்பதோ சில கிளிகள். எல்லாம் உறவு. உறவுக்குள்ளேயே கூடிக் கொண்டிருந்தால் குஞ்சு நோஞ்சானாகிவிடுமே! இடும் முட்டைகளிலும் பல பொரிக்கவில்லை.

விஞ்ஞானிகள் ஒரு துணிச்சலான வேலையில் இறங்கினார்கள். ஒவ்வொரு கிளியின் மரபணுத் தொகுதியையும் படித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

எழுத்து நாலு

மரபணுத் தொகுதி என்றால் என்ன? உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற மெல்லிய இழை சுருண்டு கிடக்கிறது. இறகு பச்சையா, அலகு வளைவா, நோயைத் தாங்குமா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எழுத்துக்கள் நாலே நாலு தான். ஆனால் ஒரு காகாபோவுக்கு அந்த எழுத்துக்கள் 100 கோடிக்கு மேல்! தாய் தந்தை வழியாக வருவது அது.

2018-ம் ஆண்டுத் தொடக்கத்தில் உயிரோடு இருந்த கிளிகள், அதற்கு முன் இறந்த சில கிளிகள் எல்லாம் சேர்த்து 169 கிளிகளின் எழுத்துக்களைப் படித்தார்கள். ஓர் இனத்தையே இப்படி ஏறக்குறைய முழுதாகப் படித்தது அபூர்வம்.

எதிர்பாராத விடை

2021-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதில் ஒரு ஆச்சரியம்! ஸ்டூவர்ட் தீவுக் கிளிகள் சுமார் 10,000 ஆண்டுகளாகச் சிறு கூட்டமாகவே வாழ்ந்தவை. அவற்றிடம் தீய மரபணுக்கள் மிகுதியாக இருக்கும் என்று எண்ணினார்கள். குறைவாகவே இருந்தன! பெரிய நிலப்பகுதியில் வாழ்ந்து மறைந்த கிளிகளிடம்தான் மிகுதி.

காரணம் இதுதான். சிறு கூட்டத்தில் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை சேர்ந்து வரும். அப்படிப் பிறந்த குஞ்சு பிழைக்காது. தலைமுறை தலைமுறையாக இப்படியே நடந்ததால் குறைகள் பல கழிந்துபோய்விட்டன. கொடுமையான வைத்தியம் தான்! இதைக் கண்டு, "கொஞ்சம் மிஞ்சினால் போதும்" என்று எந்த நாடும் இருந்துவிட முடியாது. அது நடக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

இங்கே ஒரு சிக்கல். பெரிய நிலப்பகுதியில் கடைசியாக மிஞ்சிய ஆண் கிளிக்கு ரிச்சர்டு ஹென்றி என்று பெயர் வைத்திருந்தார்கள். 1975-ல் அகப்பட்டது. 1998-ல் ஒரு ஸ்டூவர்ட் தீவுப் பெண் கிளியோடு கூடி 3 குஞ்சுகளுக்குத் தந்தையாயிற்று. 2010-ல் இறந்தது. அதன் வம்சத்தால் இனத்துக்குப் புது ரத்தம் கிடைக்கிறது. ஆனால் கழியாத குறைகளும் கூடவே வருகின்றன. வேண்டும் என்பதா, வேண்டாம் என்பதா? ஏடு இருப்பதால் எந்தக் குஞ்சுக்கு எது போயிருக்கிறது என்று பார்த்து ஜோடி சேர்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு செய்வதைவிட இது மேல்.

2018-ல் இன்னும் பெரிய முயற்சி ஒன்று தொடங்கியது. விலங்கு, செடி, காளான் என்று அறியப்பட்ட சுமார் 15 லட்சம் வகை உயிர்களுக்கும் இப்படி ஏடு எழுதுவது அதன் நோக்கம். செலவு கோடிக்கணக்கில். அந்தப் பணத்தில் காட்டைக் காக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. எலியையும் பூனையையும் தீவை விட்டு விரட்டாமல் ஏட்டை மட்டும் படித்திருந்தால், காகாபோ இன்று ஏட்டில் மட்டும்தான் இருக்கும். 2022-ல் அதன் எண்ணிக்கை 252-ஐ எட்டியதற்குத் தீவும் காவலும் முதல் காரணம். ரிமு மரம் ஏராளமாகக் காய்த்தால்தான் இந்தக் கிளி முட்டையிடும். அதுவும் 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை!

இன்னொரு சங்கதி. இந்த ஏடு யாருக்குச் சொந்தம்? தெற்குத் தீவின் ஙாய் தாஹு என்ற மவோரி மக்கள் காகாபோவைத் தங்கள் முன்னோர் தந்த செல்வமாகக் கருதுகிறார்கள். ஆகவே வெளியார் யாரும் அந்த எழுத்துக்களை நினைத்தபடி எடுத்துப் பயன்படுத்த முடியாது. எதற்காக வேண்டும் என்று எழுதிக் கேட்டு, அவர்களிடமும் நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடமும் அனுமதி பெற வேண்டும்.