காரை இயக்கும்போது எழும் சீறல்

ரொறொன்ரோவின் குளிர்காலக் காலையொன்றில் காரின் திறப்பைத் திருப்பியதும் பொனற்றின் கீழிருந்து பாம்பு சீறுவது போன்ற ஒலி எழுகின்றது. கார் ஓடுகின்றதே என்று வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றோம். பழைய கார்களை வாங்கி ஓட்டும் எம்மவர் பலர் இச்சீறலுடனேயே மாதங்களைக் கழிக்கின்றனர். வேறு சிலர் கராஜுக்குச் சென்று, "கார் சத்தம் போடுகிறது" என்று மட்டும் கூறி, தேவையற்ற பாகங்களுக்கும் பணம் கொடுத்துத் திரும்புகின்றனர். சீறல் எப்போது எழுகின்றது, எப்போது நிற்கின்றது என்பதைக் கவனித்தால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம். இவ்வாரம் அதனையே நோக்குவோம்.

எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் எழுந்து, அது ஓடும்வரை தொடரும் சீறல் பெரும்பாலும் வளிக்கசிவாகும். கார் நின்றபடி எஞ்சின் ஓடுகையில், வளியை உள்ளிழுக்கும் பகுதியில் உள்ள அமுக்கம் வெளிவளி அமுக்கத்தின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. எனவே அங்குள்ள இறப்பர் குழாயில் சிறு வெடிப்பு இருப்பினும் வெளிவளி சீறிக்கொண்டு உட்புகும். எஞ்சின் நடுங்கும், எச்சரிக்கை விளக்கும் ஒளிரக்கூடும். காரின் கணினி பி0171 என்னும் குறியீட்டைப் பதிவுசெய்திருந்தால், எரிபொருளுக்கு மிஞ்சிய வளி சேர்கின்றது என்பதே அதன் பொருள். ஒட்சிசன் உணரி பழுதடைந்தது என்பது அதன் பொருளன்று. உணரியை மாற்றுமுன் குழாய்களைச் சோதிக்கும்படி கேளுங்கள்.

இக்கசிவை நாமே தேடலாம். காரை வெளியில் நிறுத்தி, கைத்தடுப்பை இழுத்துவிட்டு, தோட்டக் குழாய்த் துண்டொன்றின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இறப்பர் குழாய்களின் அருகே மெல்ல நகர்த்துங்கள். கசியும் இடத்தில் ஒலி உரத்துக் கேட்கும். கழுத்துத்துண்டும் தளர்ந்த கைச்சட்டையும் விசிறியில் சிக்காதவாறு பார்த்துக்கொள்க. எரியக்கூடிய திரவங்களை விசிறித் தேடும் முறையை வீட்டில் கையாளவே வேண்டாம், தீப்பற்றும். வெடித்த குழாய்க்குப் பதிலாக அதே விட்டமுள்ள, அப்பயன்பாட்டுக்கெனச் செய்யப்பட்ட குழாயைப் பொருத்துக. ஒட்டுநாடா நிலைக்காது.

பிறேக் மிதியை அழுத்தும்போதெல்லாம் தொடர்ந்து சீறல் எழுமாயின் பிறேக் பூஸ்ரரைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, மிதி இறுகும்வரை பலமுறை அழுத்துங்கள். பின்னர் மிதியை அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிடின் பூஸ்ரரிலோ அதற்குச் செல்லும் குழாயிலோ பழுதுண்டு. அக்காரில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லாதீர்கள். இழுத்துச் செல்லும் வண்டியை அழைப்பதே முறை.

குளிர்ந்த எஞ்சினில் "புஸ், புஸ்" என்று விட்டுவிட்டு எழுந்து, சூடேறியதும் குறையும் ஒலி, புகை வெளியேறும் குழாயின் கசிவாக இருக்கலாம். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதாலேயே ஒலி குறைகின்றது. பழுது நீங்கியதாக எண்ணலாகாது. அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமோ மணமோ அற்றது, உயிரைப் பறிக்கவல்லது. காரை வீட்டுக் கொட்டகைக்குள் வைத்து, கதவு திறந்திருப்பினும், சூடேற்றாதீர்கள். பனி பொழிந்த நாளில் புகைக்குழாயின் வாயை மூடிய பனியை அகற்றிய பின்னரே எஞ்சினை இயக்குங்கள்.

ஓடி நிறுத்திய பின் இனிய மணத்துடன் எழும் சீறல், குளிராக்கும் திரவம் கசிவதைக் காட்டும். எஞ்சின் முற்றாக ஆறும்வரை றேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் திரவம் முகத்தில் பாயும்.

எல்லாச் சீறலும் பழுதல்ல. எஞ்சினை நிறுத்தியதும் குளிர்சாதனக் குழாய்களில் அமுக்கம் சமப்படுகையில் மெல்லிய ஒலி சிறிது நேரம் கேட்பது இயல்பே.

கராஜுக்குச் செல்லுமுன் ஒலி எழும் வேளை, நிற்கும் வேளை, உடன்வரும் மணம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். ஒன்ராறியோச் சட்டப்படி திருத்தச் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்டுப் பெறலாம். இறுதித் தொகை அம்மதிப்பீட்டை 10 வீதத்துக்கு மேல் விஞ்சலாகாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. பிற மாகாணங்களிலும் நாடுகளிலும் விதிகள் வேறுபடும்.

உழைத்துச் சேர்த்த பணமும் குடும்பத்தின் உயிரும் அக்காரிலேயே செல்கின்றன. அடுத்த முறை அது சீறும்போது வானொலியை நிறுத்திச் சற்றுச் செவிமடுங்கள்.