அந்த டிரம்பெட் யாருடையது?

நேற்று நண்பர் ஒருவர் 1951இல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தின் பாடலைப் பகிர்ந்து, "சி. ராமச்சந்திராவின் டிரம்பெட்டுக்கு ஈடுண்டா!" என்று வியந்திருந்தார். ராமச்சந்திரா மேதை. நமக்கு 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' தந்தவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐயா, அந்த டிரம்பெட் அவருடையது அல்ல.

அது சிக் சாக்லேட்டுடையது. இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ், கோவாக்காரர். பம்பாய் தாஜ் ஹோட்டலில் சொந்த ஜாஸ் குழுவை நடத்தியவர். அதே படத்தில் சுருக்கம் வைத்த சட்டையோடு தம் குழுவை அழைத்துக்கொண்டு திரையிலேயே வந்து நிற்கிறார். அப்படியும் யாரென்று நாம் கேட்கவில்லை!

"அவர் வெறும் உதவியாளர்தானே, மெட்டு ராமச்சந்திராவுடையது" என்று ஒருவர் பின்னூட்டம் இட்டிருந்தார். இந்த 'வெறும்' தான் எனக்குப் பொறுக்கவில்லை. போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் தேவாலயப் பள்ளிகள் சிறுவர்களுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பை எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தன. அப்படி வந்தவர்களே பம்பாய் சினிமா வாத்தியக் குழுக்களின் முதுகெலும்பு. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக்காட்டுவார். அதைக் காகிதத்தில் இறக்கி, வயலினுக்கு என்ன, சாக்ஸபோனுக்கு என்ன, எந்த இடத்தில் டிரம்பெட் குறுக்கே பாய வேண்டும் என்று எழுதியவர்கள் இவர்கள். சங்கர் ஜெய்கிஷனுக்கு செபாஸ்டியன் டிசோசா இருந்தார். லட்சுமிகாந்த் பியாரேலாலில் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவரே அந்தோணி கொன்சால்வஸ்தான். மெட்டு விதை என்றால் விளைச்சலில் இவர்களுக்குப் பங்கில்லையா?

சிக்குக்கு 'இந்தியாவின் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்' என்று பட்டம் கொடுத்தோம். அவரும் அந்தப் பாணியில் கரகரத்த குரலில் பாடியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவர் பெயரைச் சூட்டிவிட்டு அவருடைய பெயரை மறந்துவிட்டோம். 1916இல் பிறந்தவர், 1967இல் போய்விட்டார். அறுபதைக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழைப் பல வருடம் எழுதியவன் நான். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், பரிசு வழங்கியவர் எல்லாரையும் பெயர் விடாமல் போட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பாட்டுப் பழக்கி, மேடை ஓரத்தில் ஆர்மோனியம் வாசித்தவரை 'பக்கவாத்தியம்' என்றுகூட எழுதியதில்லை. அவரும் கேட்டதில்லை.

பதிவுக்குக் கீழே திருத்தும் வசதி இருக்கிறது, நண்பரே. சிக் சாக்லேட் என்று சேர்த்துவிடுங்கள். அரை நிமிடம் ஆகாது.