ஏ போட்டா நில்லு, ஈ போட்டா கடை

போன பொங்கலுக்கு ஊருக்கு, அதாங்க காரைக்குடிக்கு, போயிருந்தப்போ கல்லுக்கட்டி பக்கம் ஒரு கடை முன்னாடி நின்னுட்டேன். ஸ்கூல் படிக்கும்போது நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் வாங்கின கடை. பழைய பெயின்ட் போர்டு போய் பளபளன்னு ஃப்ளெக்ஸ் வந்திருக்கு. ஆனா 'ஸ்டேஷனரி' மட்டும் அதே பழைய ஸ்பெல்லிங். 'ஆர்' எழுத்துக்கு முன்னாடி 'ஈ' வரவேண்டிய இடத்தில் 'ஏ'.

இந்த 'ஏ'வால் நான் பட்ட அவமானம் கொஞ்ச நஞ்சமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதுசு. டீமுக்கு நோட்டு, பேனா வேணும்னு எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டினேன், இந்த போர்டில் பார்த்துப் படிச்ச அதே ஸ்பெல்லிங்கில். "நகராத பொருளா? அப்போ எப்படிக் கொண்டு வர்றது?"ன்னு ஒரு சீனியர் எல்லாருக்கும் பதில் போட்டார். மொத்த ஃப்ளோரும் சிரிச்சுது. அவ்வ்வ்...

மேட்டர் இதுதான். 'ஏ' போட்டால் அசையாமல் நிற்பது என்று அர்த்தம். 'ஈ' போட்டால் பேப்பர், பேனா, கவர் போன்ற எழுதுபொருள். நம்ம அரசாங்கத்தின் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இந்த 'ஈ'தான். உச்சரிப்பு ரெண்டுக்கும் ஒண்ணு; காதை நம்பி எழுதுறவன் மாட்டிக்குவான். என்வலப்புக்கு 'ஈ' என்று வெள்ளைக்காரங்க ஞாபகம் வச்சுக்குவாங்க. நம்மகிட்ட அதைவிட நல்ல வழி இருக்கு. "ஏய், நில்லு!" - ஏ போட்டா நிக்கும். வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்டுவாங்க - ஈ போட்டா கடை. அவ்ளோதான்.

கடைக்கார அண்ணன்கிட்ட மெதுவா சொன்னேன். "அண்ணே, போர்டில் ஒரு எழுத்து தப்பு. இப்படி எழுதினா ஒரே இடத்தில் நிக்கிறதுன்னு அர்த்தம்."

"சரியாத்தான தம்பி போட்டிருக்கு? முப்பது வருசமா இங்கனயேதான உக்காந்திருக்கேன்"னாரு.

சிரிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினா, மனுஷன் சொன்னதுதான் வரலாறு! இடைக்கால ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் ஊர் ஊரா சுத்தி விப்பாங்க. பல்கலைக்கழகங்களை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் வித்தவரை லத்தீனில் 'ஸ்டேஷனாரியஸ்' என்றார்கள். நிலையா நிக்கிறவர். அவர்தான் ஆங்கிலத்தில் ஸ்டேஷனர். அவர் விக்கிற சரக்கு 'ஈ' போட்ட ஸ்டேஷனரி. லண்டனில் இவங்களுக்கு 1403-லேயே சங்கம் இருந்தது. 1557-ல் அரச சாசனமும் வாங்கிட்டாங்க. ஆக, ரெண்டு வார்த்தையும் ஒரே வயித்துப் பிள்ளைங்க.

நாம மட்டும் என்ன ஒழுங்கா? ஆணி புடுங்குற மக்கள் 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1945-ஐப் பாருங்க. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம்னு சொல்ற 'ரெஃபரர்' ஹெடரில் ஒரு 'ஆர்' குறையுது. இன்னைக்கு வரைக்கும் அந்தத் தப்போடதான் வெப்பே ஓடுது. நாம பண்ணினா அது ஸ்டாண்டர்டு. கடைக்காரர் பண்ணினா ஃபோட்டோ எடுத்து ஃபார்வர்டு.

என் கட்சி இதுதான். ரெஸ்யூமேயிலும் ஆபீஸ் மெயிலிலும் 'ஈ'யைச் சரியாப் போடுங்க. அங்கே ஒரு எழுத்தை வச்சு ஆளையே எடை போடுறவங்க இருக்காங்க. போர்டைப் பார்த்தா சிரிக்காதீங்க. அடுத்த ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது மாத்தச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அந்த போர்டைப் பார்த்துத்தான் ஒரு பையன் ஸ்பெல்லிங் கத்துக்குவான்.

நான் கத்துக்கிட்ட மாதிரி.