வீட்டு ஈயும் எருக்குழியும்

ஈத்தொல்லையை ஒழிப்பது வீட்டிலுள்ள பெண்டிரின் காரியம் என்றே அநேகர் எண்ணியிருக்கின்றனர். சோற்றுப் பானையை மூடுவதும், திண்ணையைத் துடைப்பதும், தூங்கும் குழந்தையின் முகத்தில் மொய்ப்பவற்றை முந்தானையால் ஓட்டுவதும் அவர்கள் வேலையாக விடப்பட்டுள்ளன. உண்மையில் ஈ வீட்டுக்குள் பிறப்பதே இல்லை என்று சொல்லலாம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் அது பெரும்பாலும் தொழுவத்திலும் எருக்குழியிலும் பிறந்து, வளர்ந்து, இறகு முளைத்த பிறகே அடுக்களைக்குள் நுழைகிறது. ஆகையால் ஈயை ஒழிக்கும் பொறுப்பில் பெரும் பங்கு குடியானவனுடையது. இவ்விஷயம் சுகாதார இலாகாவுக்கு மட்டும் உரியதன்று, விவசாயத்தைச் சேர்ந்ததுமாகும்.

ஈயின் பிறப்பு வளர்ப்பைச் சற்றுக் கவனித்தால் இது விளங்கும். ஒரு பெண் ஈ, ஈரமும் சூடும் உள்ள கழிவுப் பொருளில் ஒரு தடவைக்கு 75 முதல் 150 வரை முட்டைகளிடும். அதன் ஆயுளில் இப்படிப் பல தடவை நேரும். முட்டை ஒரே நாளுக்குள் பொரித்து வெண்ணிறப் புழு வெளிவரும். வெயில் காலத்தில் அப்புழு நான்கைந்து நாட்களில் முழு வளர்ச்சி அடைந்து, தின்பதை நிறுத்தி, ஈரமான இடத்தை விட்டுக் குப்பையின் ஓரத்துக்கோ அடியிலுள்ள உலர்ந்த மண்ணுக்கோ நகர்ந்து, செந்நிறக் கூட்டுப்புழுவாகிறது. மேலும் சில நாட்களில் ஈ வெளிப்படுகிறது. ஆக, இந்நாட்டுக் கோடையில் முட்டை ஈயாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். மாதத்துக்கொரு முறை குப்பையைக் கிளறிச் சுத்தம் செய்தோம் என்று திருப்தி அடைகிறவர், மூன்று தலைமுறை ஈக்களை வளர்த்துவிட்டவராவார்.

ஈக்குக் கடித்துத் தின்னும் வாய் இல்லை. தான் முன்பு தின்றதைச் சிறிது உமிழ்ந்து, உணவைக் கரைத்து உறிஞ்சுவதே அதன் வழக்கம். மலத்தின்மீது நடந்த கால்களோடு வந்து, அதையே கரைத்த வாயினின்று சோற்றின்மேல் உமிழ்கிறது. சீதபேதி, வயிற்றுப்போக்கு, விஷக்காய்ச்சல், கண்நோய் ஆகியவற்றின் கிருமிகள் இவ்வாறு பரவக்கூடும் என்பது வெறும் பயமுறுத்தல் அன்று. பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபில் சில கிராமங்களில் ஈக்களை மருந்தடித்துக் குறைத்துப் பார்த்தபோது, மற்றக் கிராமங்களைக் காட்டிலும் அங்கே சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு சுமார் 23 சதவிகிதம் குறைந்ததாக 1999-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. குடிநீரையும் கழிப்பிடத்தையும் சீர்செய்வதற்கு இது ஈடாகாதுதான். ஆயினும் அற்பமான பலன் அன்று.

வீட்டுக்குள் செய்யும் உபாயங்கள் பலவற்றால் வரும் பயன் சொற்பமே. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையைச் சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் தொங்கவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். அதனால் ஈ ஓடுகிறது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. பாலிலும் சர்க்கரை நீரிலும் பார்மலின் கலந்து தட்டில் வைக்கும் பழைய முறையோ, தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் ஈயைவிட அபாயமானது. ஒட்டுக் காகிதமும் சன்னல் வலையும் நல்லவையே. உணவை மூடி வைப்பது எக்காலத்தும் இன்றியமையாதது. ஆனால் இவையெல்லாம் வந்துவிட்ட ஈயைச் சமாளிப்பனவேயன்றி, வருவதைத் தடுப்பன அல்ல.

மருந்தை நம்பியதன் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. டி.டி.டி.க்குப் பூச்சிகளைக் கொல்லும் குணம் உண்டென்று 1939-இல் கண்ட பால் முல்லருக்கு 1948-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அப்பரிசு கிடைப்பதற்கு முன்பே, 1946, 1947-ஆம் ஆண்டுகளில், ஸ்வீடனிலும் இத்தாலியிலும் அம்மருந்துக்குச் சாகாத வீட்டு ஈக்கள் தோன்றிவிட்டன. பத்து நாட்களுக்கொரு தலைமுறை காணும் பிராணியை மருந்தொன்றினாலேயே வெல்ல முயல்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவது போலாகும்.

இனி, எருக்குழியை ஊருக்கு வெளியே தொலைவில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது பெரியோர் பலர் கூறிவரும் யோசனை. கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் விடியற்காலையில் தொழுவத்தைக் கூட்டிச் சாணக்கூடையைத் தலையில் சுமப்பவர் யார் என்பதை யோசனை கூறுவோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலும் அவ்வேலை பெண்களுடையது. குழி இரண்டு பர்லாங்கு தள்ளிப்போனால் அந்நடை முழுவதும் அவர்கள் கணக்கில் ஏறும். சில நாட்களில் கூடை பாதி வழியில் சாலையோரத்திலேயே கவிழ்க்கப்படும். ஒரு குழி இருந்த இடத்தில் பத்துக் குவியல்கள் உண்டாகும். அன்றியும் ஈ ஒரு மைலுக்கு மேலும் பறக்க வல்லது. இரண்டு பர்லாங்கு அதற்கு ஒரு தூரமன்று. எனவே குழியைத் தள்ளி வைப்பதைவிட, இருக்கும் இடத்திலேயே அதை அடைத்து வைப்பது மேல்.

அடைக்கும் விதத்தில்தான் தவறு நேருகிறது. குப்பையில் புழு நெளிவதைக் கண்ட பிறகு இரண்டு கூடைப் புழுதியை மேலே தூவிவிட்டுப் போவது வழக்கம். இதனால் சிறிதும் பிரயோஜனம் இல்லை. கூட்டினின்று வெளிவரும் ஈயின் தலையில், முன்புறமாக ஊதி விரியும் பையொன்று உண்டு. அதைக் கொண்டு பொலபொலப்பான மண்ணை முட்டித் தள்ளி மேலேறிவிடும். முட்டையிடுவதற்கு முன், அதாவது சாணம் விழுந்த அன்றைக்கே, மூட வேண்டும்.

குழியை முழு நீளத்துக்கும் பரப்பி நிரப்பாமல், ஒரு முனையில் மூன்றடி நீளம் மட்டும் எடுத்துக்கொண்டு, அன்றன்றைய சாணத்தையும் மூத்திரத்தில் ஊறிய கூளத்தையும் அதில் இட்டு, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி அழுத்தி, ஈர மண்ணால் மூடிவர வேண்டும். அப்பகுதி தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும், சாணமும் களிமண்ணும் குழைத்து இரண்டங்குல கனத்துக்குப் பூசி முடித்து, அடுத்த மூன்றடியைத் தொடங்கலாம். பூச்சில் வெடிப்புக் கண்டால் உடனே அடைக்க வேண்டும். இறுக்கிய குப்பையின் உட்புறம் நன்றாய்ச் சூடேறும்; சுமார் 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஈப்புழு பிழைப்பதில்லை. அது உயிரோடு இருப்பதெல்லாம் ஆறிக்கிடக்கும் ஓரங்களில்தான். அதனாலேயே ஓரங்களை மெழுகுவது முக்கியம். குழியைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டு வைத்தால், கூடுகட்ட வெளியேறும் புழுக்கள் அதில் விழும். அவ்வாய்க்காலைச் சுற்றிக் கோழிகள் காலையில் கூடுவதைக் கண்டால் எவ்வளவு விழுந்தன என்பது தெரிந்துவிடும். ஆனால் அத்தண்ணீரை நாலு நாளைக்கு மேல் நிறுத்தி வைத்தால் கொசு பெருகும், மாற்றிவிட வேண்டும்.

கன்றுக்குட்டியின் சாணமும் கோழி எச்சமும் கலந்த கூளமே ஈக்கு மிகவும் உகந்தவை. அவற்றை முதலில் மூடுவது நலம். சுவரில் தட்டிய வறட்டியைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை. மெல்லியதாகத் தட்டி வெயிலில் உலர்ந்தால் புழு வளரத் தேவையான ஈரம் அதில் தங்காது.

ஹோவர்டு என்பவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் வகுத்த கம்போஸ்டு முறையில் குப்பையைப் பலமுறை புரட்ட வேண்டியிருந்தது. 1939-இல் சி. என். ஆசார்யா பெங்களூரில் கண்ட முறையிலோ மண்ணால் மூடிவிட்டுப் புரட்டாமலே விடுவது போதும். ஆள் கிடைக்காத இக்காலத்துச் சிறு குடியானவனுக்குப் பின்னதே ஏற்றது. மூடிய குழியில் அம்மோனியா வெளியேறுவது குறைவதால் எருவின் தழைச்சத்தும் மிஞ்சும். திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. மணிலாக்கொட்டை ரகங்களைத் தேடி வாங்கி விதைத்த இப்பக்கத்தார், அந்த மல்லாட்டைக் கொல்லைக்கு இடும் எருவை மட்டும் வெயிலுக்கும் மழைக்கும் ஈக்கும் விட்டுவைப்பது விசித்திரமே.

எருக்குழி ஒன்றே குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. கோடையில் திண்டிவனத்தைச் சுற்றிய சாலையோரங்களில் குவியும் தர்ப்பூசணித் தோலும், மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் உப்புக் குறைவாய்ப் போட்டு உலர்த்தும் கருவாடும் ஈக்கு விருந்தாவனவே. தோலை அன்றன்றே மாட்டுக்குப் போடலாம், அல்லது குழியில் தள்ளி மூடலாம். வெள்ளம் வடிந்த நாட்கள் இன்னும் மோசமானவை. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையில் குழி நிரம்பி வழிந்து எரு தெருவெங்கும் பரவும். நனைந்த வைக்கோலும் தவிடும் அழுகும். அவ்வேளையில் முதல் ஐந்து நாட்களுக்குள் அவற்றை வாரிப் புதைப்பதோ மெல்லப் பரப்பி உலர்த்துவதோ வேண்டும். ஆறாம் நாள் வேலையைத் தொடங்கினால் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

ஒருவர் மட்டும் தம் குழியை மெழுகிவிட்டு, அண்டை வீட்டார் வாளாவிருந்தால் பயன் மிகக் குறைவு. ஆகவே தெருத் தெருவாய்த் தொடங்குவதே உசிதம். கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதி வைப்பது மட்டும் போதாது; களிமண் எடுக்க ஏரிக்கரையில் ஓர் இடமும், விதவைகளும் முதியோரும் உள்ள வீடுகளின் குழியை மெழுக ஆளும் ஊராட்சி ஒதுக்கித் தர வேண்டும். ஆனி, ஆடியில் மானாவாரி விதைப்புக்கு எரு அடிக்கும்போது குழிகள் காலியாகும். வாரத்தில் ஒரு நாள் எல்லாக் குழிகளையும் பார்த்துவரும் ஏற்பாட்டை அப்பொழுதே துவக்குவது எளிது.